கடற்கரைக் கிராமத்து மெதடிஸ்த ஆலயக் கட்டடத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் கடலை அடுத்துள்ள ஊர்கள் பலவற்றில் ஒரு சிறிய மெதடிஸ்த ஆலயம் இருக்கிறது. ஒரு நீள்சதுர மண்டபம், ஓட்டுக் கூரை, முகப்பில் தொங்கும் ஒரு மணி, அருகில் ஒரு பாடசாலை என்ற அளவில்தான் அது இருக்கும். ஆண்டு நிறைவு மலர்களில் அதன் வரலாறு பெரும்பாலும் ஒரே பந்தியில் முடிந்துவிடுகிறது: இன்ன ஆண்டில் இன்ன மிஷனரி கட்டினார், சூறாவளியில் சேதமடைந்தது, பின்னர் திருத்தப்பட்டது. முந்திய மலரைப் பார்த்து அடுத்த மலர் எழுதப்படுவதால் ஒரு பிழை நூறு ஆண்டுக்குக்கூட வாழ்ந்துவிடும். தம் ஊர் ஆலயக் கட்டடத்தின் வரலாற்றை ஒழுங்காகத் தேடி எழுத விரும்புவோருக்காக, அந்த வேலையை எங்கே தொடங்கி எவ்வாறு செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும்போதே ஒரு தெளிவு வேண்டும். ஓர் ஆலயத்துக்கு ஒரே பிறந்த ஆண்டு கிடையாது. சபை கூடத் தொடங்கிய ஆண்டு வேறு. பள்ளிக்கூடம் தொடங்கிய ஆண்டு வேறு. காணி வாங்கிய ஆண்டும், அத்திவாரக் கல் நாட்டிய ஆண்டும், பிரதிஷ்டை செய்த ஆண்டும், இன்று நாம் காணும் கூரை ஏறிய ஆண்டும் தனித்தனி. நான் முதன்முதலில் இப்பணியில் இறங்கியபோது, சுவரில் பதித்திருந்த கல்லில் கண்ட ஆண்டைக் கட்டடத்தின் ஆண்டாகவே எழுதிவிட்டேன். அது முன்மண்டபத்தை நீட்டிய ஆண்டு என்பது பின்னர்தான் புரிந்தது. ஆகவே ஒரு கொப்பியை எடுத்து, மேற்சொன்ன ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். கிடைக்கும் ஒவ்வொரு செய்தியும் அவற்றுள் எந்தப் பக்கத்துக்குரியது என்று தீர்மானித்த பின்னரே அதை எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

அடுத்து, உங்கள் ஊரின் கதை எந்தப் பெரிய கதைக்குள் அடங்குகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். கீழைத்தேச மிஷனுக்காக வெஸ்லியன் (அக்காலத்தில் இந்த மெதடிஸ்தருக்கு வழங்கிய பெயர்) குழுவை அழைத்துவந்த தோமஸ் கோக் 1814 மே 3 அன்று கடற்பயணத்திலேயே இறந்தார். அவருடன் வந்தவர்கள் அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் காலியில் கரையிறங்கி, பணித்தளங்களைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். ஜேம்ஸ் லிஞ்ச், தோமஸ் ஸ்குவான்ஸ் ஆகிய இருவரும் யாழ்ப்பாணத்துக்கும், வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கும் சென்றனர். ஓல்ட் மட்டக்களப்பில் ஓராண்டு நிறையும் முன்னரே 1815இல் இறந்துவிட்டார். அவர் தொடங்கிய பள்ளியையே மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கமாகக் கொள்கிறது. எனவே கிழக்கில் ஒரு கிராம ஆலயத்தை ‘ஓல்ட் கட்டியது’ என்று ஊரார் சொன்னால், அந்தச் சில மாதங்களுக்குள் அது நடந்திருக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். அவர் அங்கு வந்து போதித்திருக்கலாம்; பிற்காலத்தவர் கட்டிய ஆலயத்தை மக்கள் நன்றியோடு அவர் பெயரில் ஏற்றியும் இருக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் வேறொரு சிக்கல் உண்டு. ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயங்கள் பல ஆங்கிலேயர் காலத்தில் வெவ்வேறு மிஷன்களின் கைக்குப் போயின. தெல்லிப்பளையும் வட்டுக்கோட்டையும் அமெரிக்க மிஷனிடம் சேர்ந்தன; நல்லூரில் 1818இல் சர்ச் மிஷன் சங்கத்தார் வந்தார்கள்; பருத்தித்துறை வெஸ்லியன் பணித்தளமாக வளர்ந்து, ஹாட்லிக் கல்லூரியின் மூலப் பள்ளியை 1838இல் கண்டது. உங்கள் ஊர் ஆலயம் ‘ஒல்லாந்தர் கட்டியது’ என்ற கதையைக் கேட்டால் உடனே தள்ளிவிடவும் வேண்டாம், ஏற்கவும் வேண்டாம். பழைய தேவாலயம் நின்ற காணி, அதன் இடிபாட்டுக் கல், அதன் சுவர் என்ற மூன்றில் எது இன்றைய கட்டடத்துக்குள் வந்திருக்கிறது என்று பிரித்துக் கேளுங்கள்.

தமிழ்நாட்டுக் கரையிலிருந்து இதைப் படிப்போருக்கு ஒரு குறிப்பு. லிஞ்ச் 1817இல் சென்னைக்குச் சென்றபின் நாகப்பட்டினம், மன்னார்குடி வரை பரவிய வெஸ்லியன் சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்துவிட்டன. ஆகவே அங்குள்ள ஆலயங்களின் பிற்காலப் பதிவுகளை அத்திருச்சபையின் ஆட்சிப் பிரிவான அந்தந்தத் திருமண்டலத்தில் கேட்க வேண்டும். இலங்கையில் மெதடிஸ்தர் அவ்விணைப்பில் சேராமல், 1964 முதல் பிரித்தானிய மெதடிஸ்தரின் ஆளும் அவையான மகாநாட்டின் கீழின்றித் தன்னாட்சியுள்ள திருச்சபையாக இயங்கி வருகின்றனர்.

ஏடுகளைத் தேடுதல்

முதலில் செல்ல வேண்டிய இடம் உங்கள் சேகரத்தின் (ஒரே பொறுப்பின் கீழுள்ள அயல் ஆலயங்களின் தொகுதி) முகாமைக் குருவின் அலுவலகம். கிராம ஆலயத்தில் பெரும்பாலும் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் மட்டுமே இருக்கும். காலாண்டுக் கூட்டக் குறிப்புகள், கணக்குப் புத்தகங்கள், திருத்த வேலைகளுக்கான கடிதங்கள் ஆகியவை சேகரத்தின் தலைமை ஆலயத்தில் இருக்க இடமுண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டை வெறும் பெயர்ப் பட்டியலென்று ஒதுக்கிவிடாதீர்கள். ஞானஸ்நானம் நடந்த இடத்தைக் குறிக்கும் நிரலில் ‘பள்ளிக்கூடம்’ என்றிருந்தது ஒரு நாளிலிருந்து ‘ஆலயம்’ என்று மாறுமானால், கட்டடம் வழிபாட்டுக்கு வந்த காலம் ஏறக்குறைய அங்கே கிடைத்துவிடுகிறது.

பாடசாலையின் அன்றாட நிகழ்ச்சிகளைக் குறித்துவைக்கும் சம்பவத் திரட்டுப் புத்தகம் இதைவிடவும் பெறுமதியானது என்பது என் கருத்து. வெஸ்லியன் கிராமங்களில் வார நாட்களில் பள்ளியாகவும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயமாகவும் ஒரே மண்டபம் பயன்பட்டது சாதாரண வழக்கம். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் அதைத் தொடர்ந்த 1961ஆம் ஆண்டுச் சட்டமும் மிஷன்கள் போன்றவை அரச உதவியோடு நடத்திய ‘உதவி பெறும் பாடசாலைகளை’ அரசின் கைக்குக் கொண்டுவந்தபோது, கட்டடங்களோடு புத்தகங்களும் அரச பாடசாலைகளுக்குள் போய்விட்டன. இதனால் ஆலயத்தின் வரலாற்றை எழுதுவோர் அடுத்த வளவுக்குள் இருக்கும் பாடசாலை அலுமாரியைத் திறந்து பார்க்க நினைப்பதேயில்லை. அதிபரிடம் முறையாக எழுத்தில் அனுமதி கேட்டுச் செல்லுங்கள். ‘கூரை ஒழுகுவதால் மூன்றாம் வகுப்பு மரத்தடியில் நடந்தது’ என்பது போன்ற ஒரு வரி, எந்த மலரிலும் இல்லாத கட்டடச் செய்தியைத் தந்துவிடும்.

காணி உறுதிக்கு நேரம் ஒதுக்கிப் படியுங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் பின், காணிக் கைமாற்றம் நொத்தாரிசின் முன்னிலையில், குறைந்தது இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும் என்றாயிற்று. அதற்கு முந்தியதானால் ஓலை உறுதியாக இருக்கலாம். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடான தோம்பில் அதே காணியின் பெயர் வரலாம். உறுதியில் கைமாறிய பணத்தின் பெயரும் காலத்தைக் காட்டும். றிக்ஸ் டொலர் என்ற இறைசாலுக்கு 1825இல் ஒன்றுக்கு ஒன்றரைச் சிலிங் என்று மதிப்பு நிறுத்தப்பட்டுப் பவுண் கணக்கு வந்தது. 1872 முதல் ரூபாயும் சதமும் வந்தன. ஊர் மக்கள் பழைய நாணயத்தின் பெயரால் கணக்குப் பேசுவதை உடனே விட்டிருக்க மாட்டார்கள் என்பதால், இதை மட்டும் வைத்து ஆண்டை முடிவுசெய்யக் கூடாது. வேறு சான்றோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.

யாழ்ப்பாணத்து உறுதிகளில் நிலத்தின் அளவு இலாச்சத்தில் இருக்கும். இதில் வழுக்கி விழுந்தவர்கள் பலர். வரகு விதைப்புக் காணியில் ஓர் இலாச்சம் 18 குழி (அதைவிடச் சிறிய நில அளவு); நெல் விதைப்புக் காணியில் 12 குழி. முன்னதில் 16 இலாச்சமும் பின்னதில் 24 இலாச்சமும் ஓர் ஏக்கராகும். உறுதியில் ‘வரகு’ என்ற சொல் வருகிறதா, ‘நெல்’ என்ற சொல் வருகிறதா என்று பார்க்காமல் கணக்கிட்டால், ஆலய வளவு பாதியளவு பெருத்தோ மூன்றிலொரு பங்கு சிறுத்தோ போய்விடும். அதன்பின் எல்லையில் யாரோ பிடித்துக்கொண்டார்கள் என்று அயலவர்மேல் வீண்பழி எழும். உறுதியின் நான்கெல்லை வாசகத்தை அப்படியே படியெடுத்துக்கொள்ளுங்கள். ‘கிழக்கு: கடல்’ என்று எழுதிய காணிக்கும் கடலுக்கும் இடையில் இன்று ஒரு வீதியும் இரண்டு வரிசை வீடுகளும் இருந்தால், அல்லது மாறாகக் கடல் காணிக்குள் வந்திருந்தால், அதுவும் கட்டடத்தின் வரலாறுதான்.

வெளிநாட்டில் இருக்கும் ஆவணங்களில் முதன்மையானவை வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனரிச் சங்கத்தினுடையவை. அவை இன்று லண்டன் பல்கலைக்கழகத்தின் ஸோவாஸ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. மிஷனரிமார் எழுதிய கடிதங்கள், ஆண்டுக் கூட்டக் குறிப்புகள், புகைப்படங்கள் ஆகியன அவற்றுள் உள்ளன. தேடுவதற்கு முன் உங்கள் ஊரின் பெயரை அக்கால ஆங்கிலேயர் எவ்வாறெல்லாம் எழுதியிருக்கக் கூடும் என்று ஒரு பட்டியல் தயாரியுங்கள். வட்டுக்கோட்டை ‘பட்டிக்கோட்டா’ ஆகவும் நாகப்பட்டினம் ‘நெகபட்டம்’ ஆகவும் மாறிய உலகம் அது. சிறிய ஊர்களின் பெயர்கள் ஒவ்வொரு கடிதத்திலும் ஒவ்வொரு விதமாகச் சிதைந்திருக்கும். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகமும், இணையத்தில் இயங்கும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகமும் அடுத்து பார்க்க வேண்டியவை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்தவற்றுள் எத்தனை ஊர்களின் மலர்களும் துண்டுப் பிரசுரங்களும் இருந்தனவோ, அவற்றின் மறுபிரதி ஒரு வீட்டுப் பெட்டியில் இன்னும் இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு ஊருக்குள்ளும் கேட்டுப் பாருங்கள்.

மிஷனரிக் கடிதத்தைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். அது இங்கிலாந்தில் காணிக்கை கொடுத்தவர்களுக்குக் கணக்குச் சொல்லும் நோக்கத்தோடும் எழுதப்பட்டது. ‘நான் ஓர் ஆலயத்தைக் கட்டினேன்’ என்று அதில் வந்தால், பணத்துக்கு ஏற்பாடு செய்து வேலையை மேற்பார்த்தார் என்றே பெரும்பாலும் பொருள். முருகைக்கல் (பவளப் பாறைக் கல்) சுமந்தவர், சுண்ணாம்பு நீற்றியவர், தீராந்தி (கூரை உத்தரம்) செதுக்கிய தச்சர், பிடியரிசி சேர்த்துக் கொடுத்த பெண்கள் ஆகியோரின் பெயர் அங்கே இராது. கணக்குப் புத்தகத்தின் கூலிப் பக்கத்தில் ஒரு மேசனின் பெயர் கிடைக்குமானால், அதை மிஷனரியின் பெயருக்குச் சமமான எழுத்தில் போடுங்கள். இதை வெறும் நாகரிகத்துக்காகச் சொல்லவில்லை. கட்டடத்தின் வரலாறு என்று பெயரிட்டுவிட்டுக் கட்டியவரை விட்டுவிடுவது பிழையான வரலாறு.

கட்டடத்தையே படித்தல்

ஏடுகள் தொலைந்த ஊர்களில் சுவர்தான் மிஞ்சிய ஏடு. முதலில் அளந்து ஒரு வரைபடம் போடுங்கள். நீளம், அகலம், சுவரின் தடிப்பு, கதவு யன்னல்களின் இடம் எல்லாவற்றையும் அடியில் குறித்து, பக்கத்தில் மீற்றரிலும் எழுதுங்கள். பழைய கட்டடங்கள் அடிக்கணக்கில் கட்டப்பட்டவை என்பதால், முழு அடியாக வரும் அளவுகள் முதல் திட்டத்தைச் சேர்ந்தவை என்றும், அரைகுறையாக வருபவை பிந்திய சேர்ப்பாக இருக்கலாம் என்றும் ஊகிக்க அது உதவும். வெளிச்சுவரைச் சுற்றி நடந்து, மேலிருந்து கீழாக ஒரே நேர்கோட்டில் ஓடும் வெடிப்பைத் தேடுங்கள். இரண்டு காலத்துச் சுவர்கள் ஒன்றையொன்று கடிக்காமல் முட்டி நிற்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

கரையோரப் பழைய கட்டடங்கள் பல முருகைக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. ஒன்றரை அடிக்கு மேற்பட்ட தடிப்பான சுவர் அதற்கு ஓர் அடையாளம். பூச்சு ஏற்கெனவே உதிர்ந்துள்ள இடத்தில் மட்டும் பாருங்கள். பார்ப்பதற்காக எவரும் உளி வைக்கக் கூடாது. கல்லில் தேன்கூட்டுத் துளைகளும் சாந்தில் சிப்பித் துண்டுகளும் தெரியும். உப்புக் காற்றில் நிற்கும் இத்தகைய சுவருக்குச் சீமெந்துப் பூச்சுப் பூசினால், ஈரமும் உப்பும் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, சில ஆண்டுகளில் பூச்சைத் தள்ளிவிடும். கல்லும் சேர்ந்து உதிரும். ஆகவே திருத்தக் குழுவினர் சீமெந்தோடு வருமுன் ஒவ்வொரு சுவரையும் படமெடுத்துவிடுங்கள். கணக்கில் காங்கேசன்துறைச் சீமெந்து என்ற பெயர் வந்தால், அத்தொழிற்சாலை உற்பத்தி தொடங்கிய 1950க்குப் பிந்திய வேலை அது என்பது உறுதி.

கூரைக்கு வருவோம். ஓட்டைப் புரட்டிப் பாருங்கள். தட்டையான மங்களூர் ஓடாக இருந்தால் அதன் அடியில் தொழிற்சாலையின் பெயர் அழுத்தியிருக்கும். பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறிஸ்தவ சங்கம் மங்களூரில் தன் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது 1865இல். ஆகவே அந்த ஓடு ஏறிய கூரை அதற்கு முந்தியதாக இருக்கவே முடியாது. இது கூரையின் வயதுக்கு ஒரு மேலெல்லை மட்டுமே. சுவரின் வயதைச் சொல்லாது. வேறு கட்டடத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்த ஓடாகவும் இருக்கலாம். அதற்கு முன் பீலி (அரைக்குழாய் வடிவ) ஓடோ கிடுகோ இருந்ததா என்பதை முகட்டுச் சுவரின் உட்புறத்தில் தேடுங்கள். பழைய கூரை சாய்ந்திருந்த கோணத்தில் ஒரு தழும்பு சில இடங்களில் எஞ்சியிருக்கும். கைமரங்களும் தீராந்திகளும் பனையா, வேறு மரமா என்று குறித்துக்கொள்ளுங்கள். பயன்படாமல் விட்ட துளைகள் ஒரு மரத்தில் இருந்தால் அது முன்னொரு கூரையில் இருந்த மரம்.

மணியையும் விட்டுவிடாதீர்கள். வார்ப்பகத்தின் பெயரும் ஆண்டும் அதன் தோளிலோ இடையிலோ இருக்கும். ‘மியர்ஸ் அன்ட் ஸ்டெயின்பாங்க்’ என்ற பெயர் இருந்தால், லண்டன் வைட்சப்பல் வார்ப்பகம் 1865 முதல் 1968 வரை அப்பெயரில் இயங்கியது என்பதை வைத்துக் காலத்தைக் குறுக்கலாம். கடற்கரை ஊராதலால், கப்பலொன்றின் பெயர் பொறித்த மணியாகவும் அது இருக்கலாம். அப்படியானால் அந்தப் பெயரே தேடுவதற்கு நல்ல நூலிழை. பிரசங்க பீடத்து வேதாகமத்தின் முதற்பக்கத்தில் அன்பளிப்பு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆறுமுக நாவலரின் துணையோடு பீற்றர் பேர்சிவல் செய்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அப்பதிப்பு ஓர் ஆலயத்தில் மிஞ்சியிருந்தால் அது கட்டடத்தை விட அரியது, உடனே சேகரத்துக்கு அறிவியுங்கள். கல்வெட்டுகளில் சபையின் பெயரைக் கவனியுங்கள்: பிரித்தானியாவில் 1932இல் மெதடிஸ்தப் பிரிவுகள் இணையும்வரை ‘வெஸ்லியன்’ என்ற அடைமொழி உத்தியோகபூர்வமாக இருந்தது.

முதியோரிடம் கேட்டல்

முதியவர்களிடம் ‘எந்த ஆண்டு?’ என்று கேட்பதால் பயனில்லை. ஊர் மறக்காத நிகழ்ச்சிகளை நாட்டிவைத்து அவற்றுக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். மட்டக்களப்புக் கரையில் 1978 நவம்பர் 23 சூறாவளி. வடக்கில் 1964 டிசம்பர் புயல். எல்லாருக்கும் 2004 டிசம்பர் 26 கடல்கோள், அது நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. ‘ஆச்சி, இந்த வாங்குகள் சூறாவளிக்கு முந்தியே இருந்ததோ?’ என்று கேட்டால், எந்த வாங்கில் யார் இருப்பார், பெண்கள் எந்தப் பக்கம், பீடம் நடுவில் நின்றதா ஓரத்தில் நின்றதா என்பதெல்லாம் தானாக வரும். ஆலயத்துக்குள் அழைத்துச் சென்று, அவர் பழக்கப்பட்ட இடத்தில் அமரவைத்துக் கேட்பது இன்னும் நல்லது.

கடல்கோளையும் போரையும் இடப்பெயர்வையும் பற்றிக் கேட்கும்போது கட்டடத்தைப் பற்றிக் கேட்கப் போனோம் என்பதை ஒரு கணம் மறந்துவிடுங்கள். அந்தக் கூரையின் கீழ் அகதியாக இரவு கழித்தவரிடம், அதற்குள் பிள்ளையை வைத்து அழுதவரிடம், ஓட்டின் வகையைக் கேட்கக் கூடாது. அவர் சொல்வதைக் கேட்டு, எழுதலாமா என்று பிறகு ஒருமுறை அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

எழுதும்போது

ஒவ்வொரு கூற்றும் எங்கிருந்து வந்தது என்பதை வாசகத்துக்குள்ளேயே சொல்லுங்கள்: ‘உறுதியின்படி’, ‘ஊரார் சொல்வதன்படி’, ‘சுவரில் காணப்படுவதன்படி’ என்று. மூன்றும் முரண்படும் இடத்தில் மூன்றையும் எழுதி, நீங்கள் எதை ஏன் நம்புகிறீர்கள் என்று காரணம் காட்டுங்கள். கல்லில் உள்ள ஆண்டை மாற்றி எழுத நேர்ந்தால், அதைச் சபைக் கூட்டத்தில் முதலில் எடுத்துச் சொல்லுங்கள்; நூற்றாண்டு விழாவை ஏற்கெனவே கொண்டாடிவிட்ட சபைக்கு அது வருத்தம் தரும் செய்தி, அச்சில் பார்த்து அறியும் நிலையை ஏற்படுத்தாதீர்கள். குடும்பச் சண்டைகள், காணி வழக்குகள் போன்றவற்றில் கட்டடத்தின் போக்கை மாற்றிய அளவுக்கு மட்டும் எழுதினால் போதும். உயிரோடிருப்பவர்களின் பெயர் வேண்டாம்.

எழுதி முடித்ததும் பிரதிகளைப் பிரித்து வையுங்கள். ஒன்று ஆலயத்தில், ஒன்று பாடசாலையில், ஒன்று சேகரத்தில், மின்பிரதி ஒன்று நூலகம் நிறுவனத்தில். இவற்றைத் தவிர இன்னொரு பிரதி கடலிலிருந்து தள்ளி, மேட்டு நிலத்து வீடொன்றில் இருக்கட்டும். எடுத்த படங்கள், பதிந்த குரல்கள், வரைந்த வரைபடம் ஆகியவற்றையும் அதே உறையில் இட்டு, எடுத்த நாளை ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலால் குறித்துவிடுங்கள்.